காற்றுடன் கூடிய சுவாசமும் காற்றில்லாச் சுவாசமும்

பொதிகை மலையிலிருந்து இறங்கும் தாமிரவருணி பாபநாசத்தைக் கடந்து சமவெளியை அடைகிறது. அங்கே முதல் அணைக்கட்டாகிய கோடைமேலழகியான் முதலாக அடுத்தடுத்துள்ள அணைக்கட்டுகளிலிருந்து வாய்க்கால்கள் பிரிந்து நஞ்சை நிலங்களுக்குப் பாய்கின்றன. விக்கிரமசிங்கபுரத்தைச் சூழ்ந்த வயல்களில் காரிலும் பிசானத்திலும் நெல் நடவாகிறது. நடவு முடிந்து சில வாரங்கள் தண்ணீர் கட்டி நின்ற வயலில் ஒருவர் காலை ஊன்றினால், சேற்றினின்றும் சிறு குமிழிகள் எழுந்து மேலே வந்து உடைவதைக் காணலாம். இக்காட்சி விவசாயிகளுக்குப் புதியதன்று. ஆயினும் அக்குமிழிக்குள் இருக்கும் வாயு யாது, அஃது எவ்வாறு உண்டாயிற்று என்பதை அறிந்தவர் சிலரே.

அவ்வாயு, சேற்றுக்குள் வாழும் நுண்ணுயிர்கள் காற்றின்றி நடத்தும் சீவனத்தின் கழிவாகும். சுண்ணாம்பு தடவாத கலயத்தில் இறக்கிய பதநீர் கள்ளாக மாறுவதும், பால் தயிராக உறைவதும், சாணத்திலிருந்து எரிவாயு கிடைப்பதும், நெடுநாள் மூடிக்கிடந்த குழிக்குள் இறங்கியவர் மூர்ச்சித்து விழுவதும் இதனோடு நெருங்கிய தொடர்புடையவை. ஆகையால் காற்றுடன் கூடிய சுவாசத்திற்கும் காற்றில்லாச் சுவாசத்திற்கும் உள்ள பேதத்தை அறிவது, சங்க அங்கத்தினர்களின் விதைக்கும், பயிருக்கும், எருவுக்கும், சில சமயங்களில் உயிருக்குமே காப்பாகும்.

சுவாசம் என்பது யாது?

மூச்சு விடுதலையே சுவாசம் என்று கூறுவது உலக வழக்கு. மூக்கின் வழியே காற்று உட்செல்வதும் வெளிவருவதும் அதன் புறச்செயல் மாத்திரமே. உண்மையான சுவாசம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் நிகழ்கிறது. உண்ட உணவு செரித்துச் சர்க்கரையாகி இரத்தத்தின் வழியே உயிரணுக்களை அடைகிறது. அங்கே அச்சர்க்கரை படிப்படியாகச் சிதைந்து, அதில் அடங்கியிருந்த சக்தி வெளிப்படுகிறது. அச்சக்தியைக் கொண்டே மாடு ஏர் இழுக்கிறது, நெற்பயிர் வேர் விடுகிறது, விதை முளைக்கிறது. நுரையீரல் இல்லாத செடியும், கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிரும் இப்பொருளில் சுவாசிக்கின்றனவே.

விளக்கில் எண்ணெய் எரிவதும் உடலில் உணவு எரிவதும் ஒரே இனத்தைச் சேர்ந்த செயல்கள் என்பதை 18-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் பிரான்சு தேசத்து லவாய்சியர் காட்டினார். இரண்டும் பிராணவாயுவைச் செலவழிக்கின்றன. இரண்டும் கரியமிலவாயுவை வெளிவிடுகின்றன. விளக்கில் அது சுவாலையாக விரைந்து நடக்கிறது. உடலில் சுவாலையின்றி மெதுவாகப் பல படிகளில் நடக்கிறது. அதே தேசத்தைச் சேர்ந்த பாஸ்டர், 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நொதித்தலை ஆராய்ந்து, காற்றே இல்லாத இடத்திலும் வாழும் உயிர்கள் உண்டு என நிலைநாட்டினார். 1897-ஆம் ஆண்டில் ஜெர்மனி தேசத்துப் பூக்னர், ஈஸ்ட் என்னும் நொதிக்காளானை அரைத்துப் பிழிந்த சாறும் சர்க்கரையை நொதிக்கச் செய்வதைக் கண்டார். இதனால், உயிரணுவிலுள்ள நொதிப்பொருள்களே இவ்வேலையைச் செய்கின்றன என்பது தெளிவாயிற்று.

ஒரே முதல், இருவகை வரவு

சங்கத்தின் கணக்குப் புத்தகத்தை அறிந்தவர்களுக்கு இப்பேதத்தைக் கணக்காகவே காட்டலாம். 180 கிராம் குளுக்கோஸ் சர்க்கரையை முதலாக வைத்துக் கொள்வோம். போதிய காற்று கிடைக்கும் உயிரணுவில் இச்சர்க்கரை 192 கிராம் பிராணவாயுவுடன் சேர்ந்து, 264 கிராம் கரியமிலவாயுவாகவும் 108 கிராம் தண்ணீராகவும் முற்றும் மாறுகிறது. எஞ்சும் பொருள்களில் மேலும் எரிக்கத்தக்கது ஒன்றுமில்லை. முதல் முழுவதும் செலவாகி, சக்தி முழுவதும் வெளிப்பட்டுவிட்டது.

காற்றில்லாத இடத்தில் ஈஸ்ட் இதே 180 கிராம் சர்க்கரையைச் சிதைக்கும்போது 92 கிராம் சாராயச் சத்தும் 88 கிராம் கரியமிலவாயுவும் உண்டாகின்றன. பாலைத் தயிராக்கும் பாக்டீரியாக்களோ சர்க்கரையை லாக்டிக் அமிலம் என்னும் புளிப்பாக மாற்றிவிடுகின்றன. இவ்விரண்டிலும் பிராணவாயு செலவாவதில்லை. ஆனால் சாராயம் தீப்பற்றி எரியக்கூடிய பொருள் என்பதை யாவரும் அறிவர். எரியக்கூடியது எனின், சர்க்கரையிலிருந்த சக்தியில் பெரும்பகுதி இன்னும் அதனுள்ளேயே தங்கியிருக்கிறது என்பதே பொருள்.

உயிரணுவுக்குக் கிடைக்கும் வரவு எவ்வளவு? உயிரணுக்கள் தம் வேலைகளுக்குச் சக்தியைச் சில்லறை நாணயம்போல் செலவிடுகின்றன. அந்நாணயத்திற்கு ஏ.டீ.பி. என்று பெயர். ஒரு சர்க்கரை மூலக்கூற்றிலிருந்து காற்றுடன் கூடிய சுவாசத்தால் ஏறக்குறைய 30 முதல் 32 நாணயங்கள் கிடைக்கின்றன. நொதித்தலால் கிடைப்பவை 2 மாத்திரமே. இரு வழிகளுக்கும் முதற்பகுதி பொதுவானது. அந்த 2 நாணயங்களும் அப்பகுதியிலேயே கிடைத்துவிடுகின்றன. பிராணவாயு இருந்தால்தான் சர்க்கரையின் சிதைவு மைட்டோகாண்டிரியா என்னும் உயிரணுவின் உள்ளுறுப்புக்களில் தொடர்ந்து நடந்து, மிகுதி நாணயங்கள் சேரும்.

ஆகவே காற்றில்லாது வாழும் உயிர், சிறு வரவைக் கொண்டு காலம் தள்ள வேண்டியிருத்தலால், மிகுந்த உணவைச் செலவழிக்கிறது. மிகுந்த கழிவையும் விடுகிறது. கள்ளும் தயிரும் விரைவில் பக்குவமாவதன் காரணங்களில் இதுவும் ஒன்று. பதநீர்க் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவதால் காரத்தன்மை மிகுந்து, நொதிக்கச் செய்யும் உயிர்கள் பெருக இடமில்லாமற் போகிறது. அதனாலேயே சர்க்கரை கெடாது நின்று கருப்பட்டி காய்ச்ச உதவுகிறது.

மனித உடலும் சிறிது நேரத்திற்கு இவ்வழியைக் கைக்கொள்ளும். கனத்த நெற்கட்டைத் தலையில் சுமந்து வரப்பில் விரைந்து ஓடும் ஒருவரின் தசைகளுக்கு அத்தருணத்தில் வேண்டிய அளவு பிராணவாயு வந்து சேருவதில்லை. அப்போது தசைகள் சர்க்கரையில் ஒரு பகுதியை லாக்டிக் அமிலமாக்கிச் சக்தியைப் பெறுகின்றன. கட்டை இறக்கிய பின்னும் மூச்சு வாங்குவது, பட்ட கடனைத் தீர்ப்பது போன்றதாகும். சேர்ந்த அமிலம் வீணாவதில்லை. இருதயமும் ஈரலும் அதனை மீண்டும் பயன்படுத்திக் கொள்கின்றன. ஆனால் மூளை இக்கடனைத் தாங்காது. பிராணவாயு அறவே நின்றால் சில நிமிஷங்களிலேயே அது கேடடையும். இதனைப் பின்னர்க் கூறப்படும் அபாயங்களின் பொருட்டு நினைவில் இருத்துதல் வேண்டும்.

நஞ்சை வயலின் சேறு

30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 270 மில்லிகிராம் பிராணவாயு உண்டு. அதே வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் கரைத்து வைத்துக்கொள்ளக்கூடியது 7½ மில்லிகிராம் அளவே. அன்றியும் காற்றினூடே பரவும் வேகத்தில் ஏறக்குறைய பதினாயிரத்தில் ஒரு பங்கு வேகத்திலேயே பிராணவாயு தண்ணீரினூடே பரவுகிறது. ஆகவே வயலில் தண்ணீர் கட்டியவுடன், சேற்றிலிருந்த பிராணவாயுவை அங்குள்ள உயிர்கள் விரைவில் தீர்த்துவிடுகின்றன. மேற்பரப்பில் மெல்லிய ஏடுபோன்ற ஒரு படலத்தில் மாத்திரம் காற்று இருக்கும். அதன் கீழுள்ள சேறு முழுவதும் காற்றில்லா உலகமாகும்.

அவ்வுலகத்தில் வாழும் பாக்டீரியாக்களிற் சில, பிராணவாயுவுக்குப் பதிலாக வேறு பொருள்களைக் கொண்டு சுவாசிக்கின்றன. காற்றில்லாச் சுவாசம் என்று சாஸ்திரிகள் கண்டிப்பாகக் குறிப்பது இதனையே. கள்ளும் தயிரும் உண்டாவதை நொதித்தல் என்று தனியே பிரிப்பர். இப்பாக்டீரியாக்கள் முதலில் நைட்ரேட்டையும், பிறகு இரும்பின் துருவையும், அதன்பின் கந்தகச் சத்தாகிய சல்பேட்டையும் ஒன்றன்பின் ஒன்றாக உபயோகிக்கின்றன. இறுதியில் மற்றொரு வகை நுண்ணுயிர்கள் மீத்தேன் என்னும் சதுப்புவாயுவை வெளியிடுகின்றன. காலை ஊன்றியபோது எழும் குமிழியில் பெரும்பாலும் இருப்பது இதுவே.

நெல் வயலின் வாயுக்களைப் பற்றி உலகத்தில் தொடக்க காலத்தில் நடந்த சிறந்த ஆராய்ச்சிகளில் ஒன்று சென்னை மாகாணத்திலேயே நடந்தது. மாகாண விவசாய இரசாயன நிபுணராயிருந்த ஹாரிஸனும் அவருடன் பணியாற்றிய சுப்பிரமணிய ஐயரும் செய்த அவ்வாராய்ச்சியின் முதற்பகுதி 1913-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சேற்றில் மீத்தேனும், நைட்ரஜனும், ஹைடிரஜனும், கரியமிலவாயுவும் உண்டாவதையும், சேற்றின் மேலுள்ள பாசிப் படலத்தில் அவ்வாயுக்கள் மாறுதல் அடைந்து தண்ணீருக்குப் பிராணவாயு கிடைப்பதையும் அவர்கள் கண்டனர். வயலின் தண்ணீர் மெல்லக் கீழிறங்குதல் வேருக்கு நன்மை தருகிறது என்னும் அனுபவத்திற்கு இவ்வாராய்ச்சி ஒரு காரணத்தைக் காட்டியது.

இத்தகைய சேற்றில் உளுந்தோ பருத்தியோ பிழைப்பதில்லை. நெல் மாத்திரம் செழிப்பது எவ்வாறு? நெற்பயிரின் இலையிலிருந்து தாளின் வழியே வேர் வரையில் நுண்ணிய காற்றுக்குழாய்கள் அமைந்துள்ளன. அவற்றின் வழியே இறங்கும் பிராணவாயுவைக் கொண்டு வேர் காற்றுடன் கூடிய சுவாசத்தை நடத்துகிறது. சிறிது பிராணவாயு வேருக்கு வெளியிலும் கசிந்து, சுற்றியுள்ள இரும்புச் சத்தைத் துருவாக்குகிறது. பிடுங்கிய நெல்வேரில் காணும் செம்பழுப்பு நிறப் பூச்சு அதுவே.

இவ்வறிவினால் விவசாயிகள் அடையும் பிரயோஜனங்கள் மூன்று.

முதலாவது, வேரைப் பார்த்து வயலின் நிலையை அறியலாம். வேர் வெண்மையாகவோ செம்பழுப்பாகவோ இருப்பின் குறைவில்லை. வேர் கறுத்து, அழுகிய முட்டையின் நாற்றம் வீசுமாயின், கந்தகச் சத்திலிருந்து பிறந்த நச்சுவாயு வேரைத் தாக்குகிறதென்று கொண்டு, தண்ணீரை வடித்துச் சில நாள் வயலைக் காயவிட வேண்டும்.

இரண்டாவது, நைட்ரேட் வடிவான உரத்தை நீர் கட்டிய வயலில் இடுதல் நஷ்டம். காற்றில்லாச் சேற்றில் பாக்டீரியாக்கள் அதனைச் சுவாசத்திற்குச் செலவழித்து, நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும். அம்மோனியா வடிவான உரத்தையோ யூரியாவையோ சேற்றினுள்ளே சேரும்படி இடுவது நலம். கொழிஞ்சி, தக்கைப்பூண்டு முதலிய தழைகளை மடக்கி உழுத வயலிலும், அவை அழுகுவதற்குச் சில நாள் இடைவெளி விட்டே நடவேண்டும். புதுத்தழை அழுகும்போது உண்டாகும் அமிலங்கள் இளம்வேரை வருத்தும்.

மூன்றாவது, எப்போதும் தண்ணீரைத் தேக்கி வைக்க வேண்டியதில்லை. பயிர் வேர் பிடித்தபின், கட்டிய தண்ணீர் வற்றி, சேறு வெடிக்கும் முன் மறுபடி பாய்ச்சுவதால் வேருக்குக் காற்று கிடைக்கிறது. வாய்க்கால் தண்ணீரும் மிச்சமாகிறது. பயிர் பூக்கும் பருவத்தில் மாத்திரம் தண்ணீர் குறையலாகாது. மீத்தேன் காற்றில் கலந்து பூமியின் வெப்பத்தை மிகுவிக்கும் வாயுக்களில் ஒன்றாதலால், அது குறைவதும் பொதுநன்மையாகும்.

விதைநெல்லின் சுவாசம்

களஞ்சியத்திலுள்ள விதைநெல்லும் உயிருள்ளது. நன்கு உலர்ந்த விதை மிகமிக மெதுவாகச் சுவாசித்து, தன் சேமிப்பைச் சிக்கனமாகச் செலவழிக்கிறது. ஈரம் மிகுந்தால் விதையும், அதன்மேல் வளரும் பூஞ்சணமும் விரைந்து சுவாசிக்கத் தொடங்கும். அதனால் வெப்பமும் நீரும் உண்டாகும். அவ்வெப்பமும் நீரும் சுவாசத்தை மேலும் விரைவுபடுத்தும். மூட்டைக்குள் கைவிட்டால் சூடு தெரிவது இதன் அடையாளம். விதைநெல்லை நூற்றுக்கு 13 பங்குக்கு மேல் ஈரம் இல்லாதபடி உலர்த்தி வைத்தல் இதனாலேயே அவசியமாகிறது.

விதைப்புக்குமுன் ஊறவைத்த நெல்லைச் சாக்கில் கட்டி மூட்டம் போடும்போது நிலைமை மாறுகிறது. அப்போது விதைக்கு மிகுந்த காற்று வேண்டும். ஊறல் தண்ணீரை முற்றும் வடித்து, மூட்டையைத் தளர்த்தியாகக் கட்டி, இடையிடையே பிரித்துக் கிளறிவிட வேண்டும். பெரிய மூட்டையாக இறுக்கிக் கட்டினால், நடுவிலுள்ள விதைகள் சூட்டாலும் காற்றின்மையாலும் கெட்டு, புளித்த நாற்றம் வீசும்.

எருக்குவியலும் சாண எரிவாயுவும்

காற்றை விடுவதா அடைப்பதா என்பதை எருவிலும் விவசாயியே தீர்மானிக்கிறார். ஆல்பர்ட் ஹாவர்ட் என்பவர் 1924 முதல் 1931 வரை இந்தூரில் நடத்திய முறையில், தழை, வைக்கோல், சாணம், மண் ஆகியவற்றை அடுக்காகக் குவித்து, இடையிடையே புரட்டிக் காற்று புகச் செய்வர். காற்றுடன் சுவாசிக்கும் நுண்ணுயிர்கள் பெருகி, குவியல் கையால் தொடமுடியாதபடி சூடேறும். அச்சூட்டினால் களை விதைகளும் நோய்க்கிருமிகள் பலவும் மடிகின்றன. ஏறக்குறைய மூன்று மாதங்களில் எரு பக்குவமாகும்.

1939-ஆம் ஆண்டில் ஆச்சாரியா என்பவர் பெங்களூரில் வகுத்த முறையில், குப்பையைக் குழியில் அடுக்கி மண்ணால் மூடிவிடுவர். முதற்சில நாள் கழிந்தபின் உள்ளே காற்றில்லாச் சிதைவே நடக்கும். புரட்டும் கூலி மிச்சம். தழைச்சத்தின் நஷ்டமும் குறைவு. ஆனால் எரு பக்குவமாக ஆறு முதல் எட்டு மாதங்கள் செல்லும். ஆள்பலமும் தண்ணீரும் உள்ளவர் முதல் முறையையும், காலம் தாழ்ந்தாலும் செலவு குறைய வேண்டுபவர் இரண்டாம் முறையையும் கொள்ளலாம்.

காற்றை அறவே அடைத்துவிட்டால் மற்றொரு பயன் உண்டு. காற்றில்லாச் சுவாசத்தின் கழிவில் சக்தி தங்கியிருக்கும் என்று மேலே கூறப்பட்டது. சாண எரிவாயுக் கலம் அத்தங்கிய சக்தியை மனிதருக்கு மீட்டுத் தரும் சாதனமாகும். சாணத்தையும் தண்ணீரையும் சமபங்காகக் கரைத்துக் காற்றுப் புகாத கலத்தில் விட்டால், நாளொன்றுக்கு 25 கிலோ சாணத்திலிருந்து ஏறக்குறைய ஒரு கன மீட்டர் வாயு கிடைக்கும். அதில் பாதிக்கு மேற்பட்டது மீத்தேன். அடுப்பெரித்த பின்னும், வெளிவரும் கரைசலில் தழைச்சத்து நிலைத்திருந்து வயலுக்கு உரமாகிறது. வறட்டி தட்டி எரித்தாலோ அச்சத்தின் பெரும்பகுதி புகையோடு போகிறது. இதனைப் போன்றே, பசுந்தீவனத்தை நறுக்கிக் குழியில் இறுக மிதித்துக் காற்றின்றி மூடினால், லாக்டிக் அமிலம் உண்டாகி, ஊறுகாய்ப்புல்லாகக் கோடை வரையில் கெடாதிருக்கும்.

உயிருக்கு அபாயமான இடங்கள்

பாழ்ங்கிணறு, மூடிய எருக்குழி, மலக்கழிவுத் தொட்டி, எரிவாயுக் கலம் ஆகியவற்றில் நுண்ணுயிர்கள் பிராணவாயுவைத் தீர்த்துவிட்டிருக்கும். கரியமிலவாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானதாகையால் அடியில் தங்கும். கழிவுத் தொட்டிகளில் அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைடிரஜன் சல்பைடு என்னும் கொடிய நச்சுவாயுவும் சேரும். அது மிகுந்தபோது மூக்கின் உணர்ச்சியையே மரத்துப்போகச் செய்யும். ஆகையால் நாற்றம் இல்லை என்பது அபாயம் இல்லை என்பதற்குச் சாட்சியாகாது.

வெளிக்காற்றில் நூற்றுக்கு 21 பங்கு பிராணவாயு உண்டு. அது 10 பங்குக்கும் கீழே குறைந்த இடத்தில் மனிதன் விரைவில் நினைவிழப்பான். மிகமிகக் குறைந்த இடத்தில் சில மூச்சுக்களிலேயே விழுந்துவிடுவான். கூச்சலிடவும் நேரம் இராது. விழுந்தவரைத் தூக்க இறங்கிய மகனோ தம்பியோ அவ்வாறே மடிவது இத்தகைய விபத்துக்களில் பலமுறை நிகழ்ந்துள்ளது.

கயிற்றில் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பது முன்னாளைய வழக்கம். இதனை நம்புதல் தகாது. விளக்கு அணையாதிருந்தாலும் ஹைடிரஜன் சல்பைடு இருக்கக்கூடும். மீத்தேன் நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு வரை கலந்த காற்றிலோ விளக்கே வெடிவிபத்துக்குக் காரணமாகும். கழிவுத் தொட்டிக்குள் தக்க காப்பின்றி ஆளை இறக்கிச் சுத்தம் செய்விப்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றம். எவரேனும் உள்ளே விழுந்துவிட்டால், மற்றவர் இறங்காமல், தீயணைப்பு மீட்புப் படையினரை உடனே அழைக்க வேண்டும். சுவாசக் கருவி அணிந்தவரே உள்ளே இறங்கத் தக்கவர்.

சங்கத்தில் செய்து பார்க்கத்தக்க பரீட்சை

இரண்டு கண்ணாடித் தம்ளர்களை எடுத்துக் கொள்க. ஊறவைத்த நெல்லில் ஒரு பிடியை ஈரத்துணியில் பரப்பி முதல் தம்ளரில் இடுக. மற்றொரு பிடியை இரண்டாவது தம்ளரில் இட்டு, கொதித்து ஆறிய தண்ணீரை நான்கு விரற்கடை உயரத்திற்கு ஊற்றுக. ஐந்தாறு நாள் சென்றபின் நோக்கின், முதலாவதில் வேரும் பசுமையான முளையும் காணப்படும். இரண்டாவதில் வெளுத்து நீண்ட முளை மாத்திரம் தோன்றி, வேர் வளராது நிற்கும். காற்று எட்டாத நெல், நொதித்தலால் கிடைக்கும் சிறு வரவைக் கொண்டு, காற்றைத் தேடி முளையை மேலே அனுப்புகிறது. வேருக்குச் செலவிட அதனிடம் மிச்சமில்லை. நெல்லுக்குப் பதிலாக உளுந்தை இவ்வாறு மூழ்க வைத்தால் அது முளைக்காமலே அழுகுவதைக் காணலாம்.

நினைவில் கொள்ளத்தக்கவை

1. காற்றுடன் கூடிய சுவாசத்தில் உணவு முற்றும் எரிந்து, கரியமிலவாயுவும் தண்ணீரும் எஞ்சும், சக்தி மிகுதி.

2. காற்றில்லாத இடத்தில் உணவு அரைகுறையாகச் சிதைந்து, சாராயம், புளிப்பு, மீத்தேன் முதலியன எஞ்சும்; சக்தி குறைவு.

3. விதைக்கும், வேருக்கும், புரட்டும் எருவுக்கும் காற்றை விடுக. எரிவாயுக் கலத்திற்கும் ஊறுகாய்ப்புல் குழிக்கும் காற்றை அடைக்க.

4. நெடுநாள் மூடிக்கிடந்த எக்குழியிலும் இறங்கற்க, பிறரையும் இறக்கற்க.

மேற்கூறிய பரீட்சையைச் சங்கக் கூட்டத்திற்கு ஒரு வாரம் முன்னதாகத் தொடங்கி, கூட்டத்தன்று இரு தம்ளர்களையும் அங்கத்தினர்கள் முன் வைத்தால், எழுத்தறியாதவரும் இப்பாடத்தைத் தம் கண்ணாலேயே அறிந்துகொள்வர்.